பழைய அஸ்திவாரத்தை உடைக்க வேண்டாம்

பாத்தோ, கத்தந்துவானெஸ் தீவு
3 ஜூன் 1994

வென்செஸ்லாவோ,

என் கணவரைக் கொன்ற அஸ்திவாரத்தைப் போட்டவன் நீ. ஆகவே கொல்லாத அஸ்திவாரம் எது என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக என்று நினைத்துவிடாதே.

உன் அண்ணன் போன பிறகு ஐம்பத்தெட்டு வயதில் நான் தேர்வு எழுதி வானொலி உரிமம் வாங்கினேன். அவருடைய கருவியில் இப்போது நான் பேசுகிறேன். ஆனால் கோபுரம் இல்லை. இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டிய வெறும் கம்பிதான். போன டிசம்பர்ப் புயலில் அது முதல் ஒரு மணி நேரத்திலேயே அறுந்தது. அதே நாளில் பக்கத்து வீட்டு ரொசெந்தாவுக்குக் குழந்தை பிறந்து ரத்தம் நிற்கவில்லை. கடலுக்கு அப்பால் லெகாஸ்பி நகரில் ஒருவர் காதில் விழுந்திருந்தால் மறுநாள் கடற்படைப் படகில் மருத்துவர் வந்திருப்பார். நான்கு மணி நேரம் கத்தினேன். எவருக்கும் கேட்கவில்லை. மூங்கில் தரையின் இடுக்கு வழியாக ரத்தம் கீழே சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே நின்ற நாய் அதை நக்கியது. அந்த நாயை நானே விறகுக் கட்டையால் அடித்துக் கொன்றேன். ரொசெந்தா இரண்டாம் நாள் காலையில் இறந்தாள்.

மூடிப்போன கொப்பரை ஆலையிலிருந்து பழைய கோபுரம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. பத்தடித் துண்டுகள் எட்டு. முக்கோண வடிவம், மூன்று குழாய்க் கால்கள், உன் அண்ணனுடையதைப் போலவேதான். மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டி நிறுத்த வேண்டும். கூட வந்த தாளில் இரண்டு வகை அஸ்திவாரம் போட்டிருக்கிறது. ஒன்றில், அடித்துண்டின் பாதியைக் கான்கிரீட்டில் புதைக்கிறார்கள். மற்றதில், கான்கிரீட்டில் ஒரே ஒரு இரும்பு முளையை நட்டு, கோபுரத்தை அதன்மேல் உட்கார வைக்கிறார்கள். புயல் அடிக்கும் ஊருக்கு எது என்று அந்தத் தாளில் இல்லை.

அக்டோபருக்கு முன் கோபுரம் நிற்க வேண்டும். எது, ஏன், எவ்வளவு ஆழம் என்று எண் போட்டுப் பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

எஸ்கொலாஸ்திகா தப்லிசோ


இலிகன், மிண்டனாவ்
19 ஜூன் 1994

மதிப்புக்குரிய அண்ணி,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் மனைவி நியேவெஸ், "தள்ளி வெச்சுப் பிரிங்க, உள்ள வெடிகுண்டு ஏதாவது இருக்கப் போவுது" என்றாள். பிரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது முழுக்கத் தவறில்லை.

எண் போடச் சொன்னீர்கள். ஒன்று: முளை. அதற்குப் பிறகு எண் மறந்துவிட்டது, மன்னிக்கவும்.

டவரை ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை முழங்கால் வரை கான்கிரீட்டில் புதைத்துவிட்டு நெஞ்சில் குத்தினால் எது போகும்? முழங்காலுக்கு மேலே எலும்பு முறியும். அதே ஆளைக் கல்லின்மேல் நிற்க வைத்து, தோளில் மூன்று பக்கமும் கயிறு கட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினால்? ஆடுவான், திரும்புவான், வாங்கிக்கொள்வான், நிற்பான். காற்று குத்துகிற குத்தை ஸ்டே கம்பிகள் வாங்க வேண்டும். கால் வாங்கக் கூடாது. முளையின் வேலை பாரத்தைத் தாங்குவதும் கால் நழுவாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

இதில் ஒரு சிரமம் உண்டு. முளைமேல் நிற்கும் டவர், ஸ்டே கட்டும் வரை தானாக ஒரு நிமிடம்கூட நிற்காது. ஏற்றும்போது மூன்று பேர் மூன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஏறுகிறவனின் உயிர் அந்த மூன்று பேர் கையில்.

அன்றைக்கு அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். "மூணு பேரை நம்பி நான் மேல ஏறணுமா? நான் எவனையும் நம்ப மாட்டேன்டா, உன்னையும் சேத்துத்தான்" என்றார். "நம்பாதவன் எதுக்கு டவர் கட்டுற? கொடிக்கம்பம் நட்டுக் கும்பிட்டுட்டுப் போ" என்றேன். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து வாயில் போட்டார். இரண்டு பல் குழிக்குள் விழுந்தன. நான் கையில் இருந்த கொத்துக் கரண்டியை அவர் தொடையில் இறக்கினேன். இதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். பிறகு அவர் சொன்ன மாதிரியே புதைத்துக் கொடுத்தேன். அவர் மூத்தவர்.

நான்கடி ஆழம், மூன்றடி அகலம் போதும். ஒரே ஒரு வேண்டுகோள். பழைய கான்கிரீட் கட்டி அப்படியே கிடக்கட்டும். அதை உடைக்க வேண்டாம். முப்பதடி கிழக்கே, ஈரப்பலா மரத்துக்கு அருகில் புதுக் குழி வெட்டுங்கள்.

என் இடது காது அப்படியே செவிடாகத்தான் இருக்கிறது. கேட்டீர்களோ இல்லையோ, சொல்லிவைத்தேன்.

வென்செஸ்லாவோ


பாத்தோ
2 ஜூலை 1994

வென்செஸ்லாவோ,

உன் கடிதத்தில் ஏழு எழுத்துப் பிழைகள். திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

குழியை முப்பதடி கிழக்கே நகர்த்தினால் ஸ்டே கம்பிகளைக் கட்டும் மூன்று நங்கூரக் கட்டைகளையும் நகர்த்த வேண்டும். ஒன்று கோவில் கல்லறைத் தோட்டத்துக்குள் போகும். இதை யோசிக்காமல் எழுதுகிற ஆள் நீ இல்லை. யோசித்தும் எழுதியிருக்கிறாய் என்றால், அந்தக் கட்டிக்குள் நான் பார்க்கக் கூடாத ஒன்று இருக்கிறது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். உனக்கு நினைவில்லாவிட்டால் சொல்கிறேன்.

புயல் நாள், காலை பதினோரு மணி. உன் அண்ணன் வானொலி அறையில் உட்கார்ந்து, கரை ஒதுங்கிய படகுகளின் பெயர்களை லெகாஸ்பிக்குப் படித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோபுரம் அடியில் முறிந்தது. பீரங்கி போட்டதுபோல ஒரு சத்தம். அது சாய்ந்தபோது அறுந்த ஸ்டே கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் கழுத்தைக் கடந்து போனது. ஏழாவது படகின் பெயரை அவர் பாதி சொல்லியிருந்தார். தலை ஒரு பக்கம் தோலில் தொங்கியது. ஒலிவாங்கி திறந்தே இருந்ததால் லெகாஸ்பிக்காரர்கள் என் குரலையும் கேட்டார்களாம். அஸ்திவாரக் குழி வெட்டிய மெல்ச்சோரின் ஆட்கள் அடக்கத்துக்கு வந்து நின்று, "சேவல் ரத்தம் வேணாம்னாங்க, மண்ணு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிச்சு" என்று என் காதுபடப் பேசினார்கள்.

முறிந்த கால்களைப் பார்த்தேன். மூன்றும் கான்கிரீட்டின் மேல்மட்டத்தில் உள்ளிருந்து துருப்பிடித்து, காகிதம் போல மெலிந்திருந்தன. ஏன் என்று அன்று புரியவில்லை. தேர்வுக்குப் படித்தபோது புரிந்தது. குழாய்க் காலுக்குள் இறங்கும் நீர் அடியில் வடிய வேண்டும். அதற்காகக் குழியின் அடியில் ஜல்லி போட்டு, கால்களின் நுனி அந்த ஜல்லியில் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் உள்ளேயே நின்று இரும்பைத் தின்னும். எங்கள் உப்புக் காற்றில் ஐந்தே வருடம் போதும்.

நீ ஜல்லி போடவில்லை. பல் போன கோபத்தில் போடவில்லை.

சவப்பெட்டிக்கு முன்னால் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டால் உன்னை அடித்ததற்கு நான் இன்றுவரை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. பாவம் என்று கருதாததை எப்படிச் சொல்ல முடியும்?

அந்தக் குழியில் மெல்ச்சோர் சேவலை அறுக்க வந்தபோது குடையால் அடித்து விரட்டியவள் நான். அஞ்ஞானிகள் மாதிரி ரத்தம் ஊற்றவிடாமல், அந்த அஸ்திவாரத்துக்கு வேண்டிய ஆசீர்வாதத்தை ஒரு கிறிஸ்தவப் பெண் செய்யும் முறையில் நானே செய்துவைத்தேன். அந்த ஆசீர்வாதத்தின்மேல்தான் நீ உன் வன்மத்தைக் கொட்டி மூடியிருக்கிறாய்.

கட்டியை உடைக்கப் போகிறேன். ஜல்லி இல்லாத குழியை நீதிபதி வந்து பார்க்கட்டும்.

எஸ்கொலாஸ்திகா தப்லிசோ


இலிகன்
16 ஜூலை 1994

அண்ணி,

திருத்திய கடிதத்தைப் படித்தேன். ஏழு அல்ல, எட்டு. ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

இரண்டு நாள் நான் வேலை பார்க்கும் இரும்புக் கூடத்தில் சம்மட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முகம்தான் கண் முன்னால் நின்றது. மேஸ்திரி வந்து, "யோவ் இஸ்லாவ், அது ஆணிய்யா, உன் மாமியா இல்ல" என்றான். ஒரு பட்டறைக் கல்லையே பிளந்திருக்கிறேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் சாந்தமான ஆள் இல்லை. பதினொரு வருடமாகப் படுக்கும்போது கெட்ட காதை மேலே வைத்துப் படுக்கிறேன். உலகம் முழுக்க அடங்கிப் போகிறது. அப்போது உங்களைத் திட்டுகிற திட்டு எதையும் நீங்கள் படித்த கன்னியர் மடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

சரி. உங்களுக்கு வேண்டியது என்ன, என் வாக்குமூலம்தானே. எழுதிக்கொள்ளுங்கள்.

வென்செஸ்லாவோ தப்லிசோ ஆகிய நான், 1978 மார்ச்சில், என் அண்ணன் ஃப்ளோரென்சியோவின் டவருக்குப் போட்ட அஸ்திவாரக் குழியில், அவர்மேல் இருந்த கோபத்தால், வேண்டுமென்றே ஜல்லி போடவில்லை. அதனால் கால்கள் துருப்பிடித்து அவர் இறந்தார். இது உண்மை.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நியேவெஸும் கூடத்து எழுத்தரும் சாட்சி. கையெழுத்துப் போட்டுவிட்டு நியேவெஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நீதிபதியிடம் கொடுங்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள், உங்கள் விருப்பம்.

கட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். உடைக்க இனிக் காரணம் இல்லை.

வெ. தப்லிசோ


பாத்தோ
29 ஜூலை 1994

வென்செஸ்லாவோ,

உன் வாக்குமூலத்தைச் சட்டம் போடுவதற்காக எடுத்து வைத்தேன். ஒரு வாரம் மேசைமேல் இருந்தது. நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளி நடத்தி, ஊருக்கே மேஸ்த்ராவாக இருந்தவள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிற பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டதற்கு மேல் சொல்வார்கள். "இது உண்மை" என்று ஒரு வரி சேர்ப்பார்கள்.

மெல்ச்சோரைக் கூப்பிட்டேன். அவனுக்கு இப்போது அறுபது. என்னைக் கண்டால் இன்னமும் குடையைத்தான் முதலில் பார்க்கிறான்.

"அந்தக் குழியில ஜல்லி போட்டீங்களா இல்லையா?"

"என்ன மேஸ்த்ரா இப்படிக் கேக்குறீங்க? ஆத்துலேர்ந்து ரெண்டு வண்டி நாந்தானே அடிச்சேன். அதையும் அப்படியே கொட்ட வுடல அந்த ஆளு. வாயிலேர்ந்து ரத்தம் ஒழுகுது, குந்திக்கினு ஒவ்வொரு கூடையா கழுவுறாரு. களிமண்ணு இருந்தா தண்ணி எறங்காதாம். எனக்குச் சிரிப்பு. அவரு மொறைச்சாரு பாருங்க, சிரிப்பு நின்னுபோச்சு."

"சத்தியமாகச் சொல்வாயா?"

"எந்தச் சாமி மேல வேணும்? உங்க சாமியா, எங்க சாமியா?"

அவன் பொய் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. நீ பொய் சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும். கொலைகாரன் என்று ஒருவன் எழுதிக் கொடுக்கிறான் என்றால், அந்தக் காரணம் கொலையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை இரண்டு கல்லுடைப்பவர்கள் வருகிறார்கள்.

எ. தப்லிசோ


இலிகன்
3 ஆகஸ்ட் 1994
(கப்பல்காரர் கையில் கொடுத்தனுப்பியது)

அண்ணி,

உடைக்காதீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன். நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை, அண்ணனிடம்கூட. ஆட்களைத் திருப்பி அனுப்புங்கள். டவரை நானே வந்து கல்லறைத் தோட்டத்துக்குள் நட்டுத் தருகிறேன், பங்குச் சாமியாரோடு நானே சண்டை போடுகிறேன். கட்டியைத் தொடாதீர்கள்.

இஸ்லாவ்


பாத்தோ
8 ஆகஸ்ட் 1994

வென்செஸ்லாவோ,

உன் ஆறு வரிகள் நேற்று வந்தன. கட்டி உடைந்தது வியாழக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை முழுவதும் சம்மட்டி அடித்தார்கள். நீ போட்ட கான்கிரீட், லேசில் விடவில்லை. பதினோரு மணிக்கு ஒரு சம்மட்டியின் தலை பிடியிலிருந்து கழன்று பறந்து மெல்ச்சோரின் கெண்டைக்காலில் விழுந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. என் பாவாடையைக் கிழித்துக் கட்டினேன். "இந்தக் குழிக்கு இன்னும் பசி தீரல மேஸ்த்ரா" என்று சொல்லிவிட்டு, போகமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டான். மூன்று மணிக்குக் கட்டி இரண்டாகப் பிளந்தது.

அடியில் ஜல்லி இருந்தது. ஒரு சாண் ஆழம். உருண்டையான ஆற்று ஜல்லி. கழுவியது. ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று குழாய்களும் பிளவில் தெரிந்தன. நுனிகள் ஜல்லிக்குள் இறங்கியிருந்தன, புத்தகத்தில் உள்ளபடி. பிறகு ஏன் நீர் வடியவில்லை? ரம்பத்தால் அறுக்கச் சொன்னேன். முதல் குழாயின் நுனிக்கு நான்கு விரல் மேலே கறுப்பாக ஓர் அடைப்பு இருந்தது. துருவும் சிமெண்டும் சேர்ந்து கல்லாகிப் போயிருந்தது. மெல்ச்சோர் அதைத் தட்டி, நீரில் போட்டுக் கழுவினான். நூல் பிரிந்தது. பழுப்புக் கம்பளி.

"மேஸ்த்ரா, இது கழுத்துல மாட்டுற உத்தரியத் துணியாட்டம் இருக்கே. நம்ம ஊருல இதைப் போடுறது நீங்க ஒருத்தர்தானே..."

துணியை என் உள்ளங்கையில் வைத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

துணிக்குள் மாதா சுரூபப் பதக்கம். பின்புறம் என் கன்னிப் பெயரின் முதலெழுத்துகள். மடத்தில் முதல் மாணவியாக வந்ததற்கு மதர் சுப்பீரியர் தந்தது. இரண்டாவது குழாயில் என் தாயாருடையது. மூன்றாவதில் என் திருமணத்தன்று அணிந்தது.

கான்கிரீட் போட்ட அன்று நீங்கள் எல்லோரும் நண்பகல் சோற்றுக்குப் போயிருந்தீர்கள். அடித்துண்டு குழியில் நின்றது, மூன்று குழாய்களும் மேலே வாய் திறந்து என் மார்பு உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு பதக்கத்தையும் ஒரு கார்மேல் உத்தரியத்தில் சுற்றி, ஒவ்வொரு குழாயிலும் போட்டேன். இறுக்கமாக இருந்தது. இறங்கவில்லை. ஆசீர்வாதம் மண்ணைத் தொட வேண்டும் என்று மூங்கில் குச்சியால் அடிவரை குத்தித் தள்ளினேன். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொன்னேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

சேவலின் ரத்தம் ஜல்லியில் வடிந்து போயிருக்கும்.

ஒரே கேள்வி. உனக்கு எப்போது தெரியும்?

இந்தக் கப்பலில் ஒரு பெட்டி வரும். உள்ளே பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு இருக்கிறது. ஜோடியில் உன் தலை பட்டது எது என்று எனக்குத் தெரியும், அதில் ஒரு பள்ளம் உண்டு. என் இடது காது நன்றாகக் கேட்கிறது. நீ வந்து செய்ய வேண்டியதைச் செய். நான் நாடகம் ஆடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

எஸ்கொலாஸ்திகா


இலிகன்
27 ஆகஸ்ட் 1994

அண்ணி,

தண்டு வந்தது. கூடத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கே கால் கிலோ. இத்தனை வருடமும் இன்னும் கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கேட்டதற்குப் பதில். புயல் நின்ற மறுநாள். முறிந்த கால்களைப் பார்க்கப் போனேன். கான்கிரீட் மட்டத்தில் மூன்று குழாய் வாயிலும் தண்ணீர் விளிம்பு வரை நின்றது, மூன்று கண்கள் மாதிரி. ஜல்லியை நான் கழுவிப் போட்டது எனக்குத் தெரியும். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குடைந்தேன். ஒரு சாண் பழுப்பு நூல் வந்தது. யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னைப் புனிதன் ஆக்கிவிடாதீர்கள். நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் காட்டத்தான் வந்தேன். உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று வந்தேன். அண்ணன் தலையைத் தையல் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "அண்ணி, ஒண்ணு காட்டணும்" என்று சொல்லியிருப்பேன். அதற்குள் தண்டு வந்துவிட்டது.

தரையில் கிடந்தேன். காதிலிருந்து சூடாக வழிந்தது. இன்னொரு அடிக்குத் தண்டை ஓங்கிக்கொண்டு நீங்கள் மேலே நின்றீர்கள். எட்டுப் பேர் பிடித்து இழுத்தார்கள், நீங்கள் அசையவில்லை. அப்போது நினைத்தேன், இந்த அம்மாளுக்கு வெறுக்க ஒரு ஆள் கிடைத்தால் நூறு வயது இருப்பாள், கிடைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் கிணற்றில் விழுவாள். நூல் பையிலேயே இருந்தது. கப்பலில் வரும்போது கடலில் போட்டேன்.

அதற்குப் பிறகு சும்மா இருந்தேன் என்றும் நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான தடவை கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். நியேவெஸுக்குக்கூட இந்த மாதம்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "உங்க அண்ணி அடிச்சதுல காதுதான் போச்சுன்னு நெனச்சேன், மூளையும் போயிருக்கு" என்றாள். ஆனால் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடிக்க நான் வரப்போவதில்லை. எனக்கு வேலை இருக்கிறது. தண்டு என்னிடமே இருக்கட்டும்.

முளையை நானே கடைந்து அனுப்பியிருக்கிறேன். உருக்கு. ஒன்றரை அங்குலம். நான்கடிக் குழி, மேலே நீர் தேங்காமல் கான்கிரீட்டைக் கொஞ்சம் சரிவாக விடுங்கள். கோபுரத்தின் கால்கள் இந்த முறை எதிலும் புதையாது. அடி திறந்தே இருக்கும், வடிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கயிறு பிடிக்க மூன்று பேரை நல்லவர்களாகப் பாருங்கள். என்னை எண்ணாதீர்கள். மேலே இருப்பவன் "விடு" என்றால் விடவும் "இறுக்கு" என்றால் இறுக்கவும் அந்த நொடியில் கேட்க வேண்டும். காற்றில் எனக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரிவதில்லை. ஒற்றைக் காது ஆள் கயிற்றில் நின்றால் மேலே இருப்பவன் செத்தான்.

இஸ்லாவ்


பாத்தோ
6 செப்டம்பர் 1994

இஸ்லாவ்,

இரண்டு எழுத்துப் பிழைகள்தான். திருத்தவில்லை.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். இளம் சாமியார் ஆறுதல் சொல்லத் தொடங்கினார். ஆறுதல் வேண்டாம், அபராதம் சொல்லுங்கள் என்றேன். மூன்று செபமாலை என்றார். மிகக் குறைவு.

குழி தயார். இரண்டு கயிற்றுக்கு ஆள் இருக்கிறது. ரொசெந்தாவின் கணவன் ஒன்று. அவனுடைய அண்ணன் ஒன்று. ஏறுகிறவன் அவர்களுடைய கடைசித் தம்பி. மூன்றாவது கயிற்றை நானே பிடிப்பதாகச் சொன்னேன். மெல்ச்சோர், "மேஸ்த்ரா, காத்து அடிச்சா கயிறு உங்களைத் தூக்கிக்கிட்டுப் போவும், அப்புறம் உங்களை எறக்க இன்னொரு டவர் கட்டணும்" என்கிறான். தாங்கு கட்டையில் நொண்டிக்கொண்டு இவ்வளவு பேச்சு.

உன் காதைப் பற்றி அளந்து பார்த்தேன். வடக்கு நங்கூரத்துக்குப் பின்னால் பழைய தென்னையின் அடிமரம் நிற்கிறது. கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றால் உனக்கு முன்னால் கிழக்கு, வலது பக்கம் தெற்கு. கோபுரம் தெற்கே, உன் நல்ல காதுக்கு நேராக, நாற்பத்தெட்டு அடியில். ஏறுகிறவனை மெல்ச்சோரின் பெயர் சொல்லிக் கத்தச் சொல்லி நானே அங்கே நின்று சோதித்தேன். என் இடது காதில் மெழுகை அடைத்துக்கொண்டு. தெளிவாகக் கேட்டது.

சேவலும் தயார். குழிக்குள் ரத்தம் மட்டும் ஊற்றப்படும். கழுத்து மெல்ச்சோரின் பொறுப்பு, கால்களை நான் பிடித்துக்கொள்கிறேன். குழாய்களுக்குள் எதையும் போட எவரையும் அனுமதிக்க மாட்டேன், என்னையும் சேர்த்து.

கப்பல் வியாழனும் ஞாயிறும் வருகிறது. வியாழன் நல்லது.

எஸ்கொலாஸ்திகா


இலிகன்
5 நவம்பர் 1994

அண்ணி,

உள்ளங்கையில் உங்கள் வடக்குக் கயிறு உரித்த தோல் திரும்ப வளர்ந்துவிட்டது. பேனா பிடிக்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை புயல் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று சொன்னார்கள். கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய வானொலி வாங்கியை இறக்கித் தூசி தட்டினேன். காலை ஒன்பதரைக்கு நீங்கள் வந்தீர்கள். கூரை போனதைச் சொன்னீர்கள். கோவில் சுவர் இடிந்து நான்கு பேர்மேல் விழுந்ததைச் சொன்னீர்கள், அவர்கள் பெயரை எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சொன்னீர்கள், யாருக்கு எந்த எலும்பு என்று சொன்னீர்கள். பின்னால் ஒரு பெண் அலறிக்கொண்டே இருந்தாள். "கோபுரம் ஆடுகிறது, நிற்கிறது" என்றீர்கள். அப்போது இங்கே நியேவெஸ் என் கையிலிருந்து காப்பியைப் பிடுங்கிக்கொண்டாள், நான் கோப்பையை நசுக்கிவிடுவேன் என்று. அதற்குப் பிறகு லெகாஸ்பிக்காரனின் இலக்கணத்தைத் திருத்தினீர்கள். அவன் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் படகு அனுப்புவதாகச் சொன்னதைக் காதில் வாங்கினீர்கள்.

நான்கு பேரும் பிழைத்ததாகப் பிறகு கேட்டேன்.

பதினான்காம் தேதி அண்ணனின் நினைவுப் பூசை. ஜோடியில் ஒன்று மட்டும் நின்றால் பீடம் பார்க்க நன்றாக இராது. தண்டை அனுப்பியிருக்கிறேன். நன்றாகத் துலக்கி வைத்திருக்கிறேன். பள்ளத்தை மட்டும் தட்டிச் சரிசெய்யவில்லை. என் தலை எவ்வளவு கெட்டி என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இஸ்லாவ்